நாலு இஞ்ச் மரணம்!

போன் அலறியது.

தஹ்சீன் இடது கையில் ஒரு ஷாக் அப்சார்பரைப் பிடித்தபடி, வலது கையால் போனை எடுத்துக் காதில் வைத்தாள்.

"கரீம் ஆட்டோஸ்..."

"கொன்னுபோட்டயேடி...!"

"யாருங்க பேசறது?"

"என்ற அண்ணனைக் கொன்னுபோட்டயேடி! உன் கடையில வாங்கி மாட்டுன ஷாக் ஒடிஞ்சு செத்துக் கெடக்கறான்டி அவன்!"

"எந்த அண்ணன்? எந்த வண்டி? சொல்லுங்க..."

"கடையிலயே இரு. வாரேன்!"

போன் செத்தது.

சேலம் ஐந்து ரோடு பக்கத்தில் அந்தக் கடை. அத்தா அப்துல் கரீம் காலமான பிறகு தஹ்சீன்தான் முதலாளி. காடு மேடு ஏறும் ஜீப்புகளுக்கு உதிரி பாகம் வேண்டுமென்றால் ஆத்தூரிலிருந்தும் மேச்சேரியிலிருந்தும் அவளைத் தேடித்தான் வருவார்கள். கை சுத்தம். வாய் மட்டும் கொஞ்சம் காரம்.

அரை மணி நேரத்தில் இரண்டு கார்கள் கடை வாசலில் கிறீச்சிட்டு நின்றன. இறங்கியவர்களில் முன்னால் வந்தவன் மோகன்குமார். முப்பது வயது. அழுது அழுது வீங்கிய முகம். வாசலில் கிடந்த ஜாக்கி ராடைக் குனிந்து எடுத்தான்.

சளீர்...!

ஷோகேஸ் கண்ணாடி பொலபொலவென்று கொட்டியது.

"தீனதயாளன் தம்பிடி நான்! நாமகிரிப்பேட்டை கோழிப்பண்ணை! போன வாரம் வந்து உன்கிட்ட ஷாக் மாட்டிட்டுப் போனானே... ஞாபகம் இருக்குதா?"

தஹ்சீன் நாற்காலியிலிருந்து எழுந்தாள்.

"தீனதயாளன் சாரா...? எப்படி?"

"எப்படியா? காலைல பனமரத்துப்பட்டி ஏரிப்பக்கம் ஜீப்பை ஓட்டிப் பாக்கப் போனான். மேட்டுல ஏறி எறங்கறப்ப பின்னாடி ஷாக் பிச்சுக்கிட்டு, பிரேக் ஹோஸை அறுத்துப்போடுச்சு. பிரேக் இல்லாம உருண்டு... உருண்டு..."

ராடை மறுபடி ஓங்கினான்.

தஹ்சீன் கவுண்டரைத் தாண்டி வெளியே வந்தாள். கையில் பெரிய ஸ்பேனர்.

"துக்கத்துல இருக்கீங்க. ஒரு கண்ணாடியை மன்னிச்சுட்டேன். இன்னொண்ணு ஒடைஞ்சுது... இந்த ஸ்பேனர் உங்க மண்டைக்குச் சைஸ் சரியா இருக்கான்னு போட்டுப் பாத்துருவேன்!"

"கொலைகாரி! வாயைப் பாரு!"

"என் ஷாக் ஒடியாது!"

"ஒடிஞ்சு தொங்குதுடி அங்க!"

சைரன் சத்தம்.

போலீஸ் ஜீப்பிலிருந்து இன்ஸ்பெக்டர் அனிதா குதித்தாள்.

"ராடைக் கீழ போடு. அழறதுக்கு உனக்கு உரிமை இருக்கு. ஒடைக்கறதுக்கு இல்ல."

ராடு தரையில் விழுந்தது. அனிதா தஹ்சீனைப் பார்த்தாள்.

"நீங்க வண்டியில ஏறுங்க."

"அரெஸ்ட்டா?"

"இப்போதைக்கு விசாரணை. உங்க பதில் எனக்குப் பிடிக்கலைன்னா அரெஸ்ட்."

*

போலீஸ் ஜீப் பனமரத்துப்பட்டி ஸ்டேஷனைப் பார்த்து விரைந்தது. பின்சீட்டில் தஹ்சீன் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

போன வாரம்தான் வந்திருந்தார்கள்... தீனதயாளனும் அவன் மனைவி அகல்யாவும். ஜீப் அகல்யாவினுடையது. ஏரிப்பக்கம் பெண்களுக்கான ஜீப் போட்டி நடக்கப்போகிறது, பழைய ஷாக் நான்கும் எண்ணெய் கக்கிவிட்டன, மாற்ற வேண்டும் என்றார்கள்.

தீனதயாளன் ஷெல்ஃபில் பளபளத்த சிவப்பு ஷாக்கைக் காட்டினான்.

"இதையே போட்டுருங்க. பாத்தாலே மிரட்டுது."

"மிரட்டறதுக்கு ஷாக் எதுக்குங்க? பம்பர்ல ரெண்டு கொம்பு வெச்சுக்குங்க, போதும்" என்றாள் தஹ்சீன்.

அகல்யா களுக்கென்று சிரித்தாள்.

"வண்டியோட உயரத்தை எவ்வளவு தூக்கியிருக்கீங்க?"

"நாலு இஞ்சுங்க" என்றாள் அகல்யா.

"அப்ப இந்தச் சிவப்பு எட்டாது. இது தூக்காத வண்டிக்கு. தூக்கின வண்டியில இதைப் போட்டா, பள்ளத்துல சக்கரம் தொங்கறப்ப அச்சோட எடை மொத்தமும் இந்த ஷாக்கைப் பிடிச்சு இழுக்கும். ஒருநாள் பிச்சுக்கும்."

"அப்ப இருக்கறதுலயே நீளமானதாப் போட்டுருங்க" என்றான் தீனதயாளன்.

"அதுவும் ஆகாது. ரொம்ப நீளமா இருந்தா, சக்கரம் மேல ஏறறப்ப ஷாக் உள்ள போக இடம் இருக்காது. இரும்பும் இரும்பும் முட்டும். செருப்பு மாதிரிதாங்க... சின்னது கடிக்கும், பெருசு தடுக்கும்."

ஜீப்பை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தைத் தொங்கவிட்டு ஓர் அளவு. சக்கரத்தை மேலே அழுத்தி இன்னோர் அளவு. இரண்டுக்கும் பொருந்துகிற ஷாக்கைத் தேடி எடுத்து வந்தாள். மஞ்சள் நிறம்.

"எதுல ஓட்டப்போறீங்க? மணலா, சேறா?"

"கல்லும் பள்ளமுங்க. வண்டி குதிச்சுக்கிட்டேதான் போகும்."

"அப்ப இந்த கேஸ் அடைச்ச ஷாக்தான் சரி. எண்ணெய் சூடாகி நுரைச்சு, பாதி வழியில கை விடாது."

தீனதயாளன் முகத்தைச் சுளித்தான்.

"பாக்கறதுக்கு பஸ் கம்பியாட்டம் இருக்குதுங்களே..."

"ஓட்டப்போறது யாரு?"

"அவதான்."

"அப்ப அவங்க சொல்லட்டும்."

"மஞ்சள்!" என்றாள் அகல்யா.

"பாத்தீங்களா? எங்கூட்ல எப்பவும் இவ சொல்றதுதானுங்க சட்டம்" என்று சொல்லிவிட்டு, அவன் மனசாரச் சிரித்தான்.

அந்தச் சிரிப்பு இப்போது பிரேத அறையில் படுத்திருக்கிறது.

எப்படி ஒடிந்தது...? எப்படி...? தஹ்சீனின் விரல்கள் சீட்டுக் கம்பியை நெரித்தன.

*

ஸ்டேஷன் வளாகத்தில், வேப்பமர நிழலில், கிரேன் இழுத்து வந்து போட்ட ஜீப் நசுங்கிக் கிடந்தது. அருகில் அகல்யா நின்றிருந்தாள். கண்ணில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. தஹ்சீனைப் பார்த்ததும் நேராக வந்தாள்.

பளார்...!

"உங்களை நம்புனேனுங்க" என்றாள்.

தஹ்சீனின் கன்னம் எரிந்தது. கையை ஓங்கவில்லை. அனிதா குறுக்கே வந்தாள். தஹ்சீன் அவளை விலக்கினாள்.

"விடுங்க மேடம். அகல்யா, இன்னும் அடிக்கணும்னா அடிங்க. அதுக்கு முன்னாடி அந்த வண்டியை ஒருதடவை நான் பாக்கணும்."

அனிதா யோசித்தாள்.

"ஏட்டையா கூட இருப்பாரு. அவரைக் கேக்காம எதையும் கழட்டக் கூடாது."

தஹ்சீன் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு வண்டிக்கு அடியில் நுழைந்தாள். பின்சக்கரத்தின் பக்கம்... போல்ட் மாட்டும் கீழ்க்கண் வளையம் பிய்ந்து தொங்கிய ஷாக். மஞ்சள் நிறம். அவள் கடை நிறம்தான்.

கட்டைவிரல் நகத்தால் சுரண்டினாள்.

மஞ்சள் தோல் உரிந்தது. உள்ளே... கறுப்பு!

"மேடம்!"

"என்ன?"

"இங்க குனிஞ்சு பாருங்க. இது என் ஷாக்கே இல்ல! தூக்காத வண்டிக்குப் போடற கட்டை ஷாக். மேல மஞ்சள் ஸ்பிரே அடிச்சிருக்காங்க. அந்தப் பக்கம் இருக்கறதும் அதேதான்."

அனிதாவின் புருவம் உயர்ந்தது.

"நீங்களே ஸ்பிரே அடிச்சு வித்திருக்கலாமே?"

"ஏமாத்தறவ நாலையும் ஏமாத்துவா. பின்னாடி ரெண்டை மட்டும் ஏமாத்துவாளா? முன்னாடி ரெண்டும் நான் போட்டது. ஏட்டையா, அந்த முன்பக்கத்து ஷாக்கோட கீழ் போல்ட்டைக் கழட்டுங்க."

அனிதா தலையசைத்தாள். ஏட்டு மாரியப்பன் முக்கி முனகிப் போல்ட்டைக் கழற்றினார். தஹ்சீன் ஷாக்கின் கண்ணைத் திருப்பிக் காட்டினாள். போல்ட் நுழையும் துளைக்குள்ளே ஒரு சொட்டு அடர் சிவப்பு.

"ரத்தமா?" என்றாள் அனிதா.

"நெயில் பாலிஷ். வேற கடையில வாங்கின ஓட்டை ஷாக்கைக் கொண்டுவந்து, 'உன்கிட்ட வாங்கினது, மாத்திக் குடு'ன்னு சில பேரு சண்டை போடுவாங்க. அதனால மாட்டறதுக்கு முன்னாடி உள்ள ஒரு சொட்டு வெச்சிருவேன். என் கடையில வேலை செய்யறவங்களுக்கே தெரியாது. இப்ப பின்னாடி இருக்கற ரெண்டையும் பாருங்க."

பார்த்தார்கள்.

சிவப்பு இல்லை!

அகல்யா மெதுவாகக் கேட்டாள்:

"அப்படின்னா... யாரோ மாத்தியிருக்காங்களா?"

"வேணும்னே மாத்தியிருக்காங்க. கட்டை ஷாக் என்ன பண்ணும்னு தெரிஞ்சவங்க மாத்தியிருக்காங்க. இது ஆக்சிடென்ட் இல்லைங்க அகல்யா. கொலை!"

அகல்யா ஜீப்பின் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"வண்டி எங்க நிக்கும்?" என்றாள் அனிதா.

"பண்ணை ஷெட்லங்க. நேத்து பூராவும் அங்கதான் நின்னுச்சு."

"ஷெட்டுக்கு யார் யார் போவாங்க?"

"அவரு... நானு... மோகன்... வேலையாளுங்க..."

"கழட்டின நல்ல ஷாக் ரெண்டும் எங்க போச்சு? அது கிடைச்சா ஆளும் கிடைப்பான்."

அதே நேரம், ஸ்டேஷன் கேட்டில் இருந்த வேகத்தடையில் ஒரு கறுப்பு ஜீப் ஏறி இறங்கியது.

டங்...!

தஹ்சீன் விறைத்தாள்.

ஜீப்பிலிருந்து மோகன்குமார் இறங்கினான். தஹ்சீனைப் பார்த்ததும் மறுபடி வெறி.

"இவளை இன்னும் உள்ள தள்ளலீங்களா? வெளிய நிக்க வெச்சுக் கதை பேசறீங்க! என்ற அண்ணன் அறுபட்டுக் கெடக்கறான் ஆஸ்பத்திரியில!"

தஹ்சீன் அனிதாவின் காதருகே போனாள்.

"மேடம்... அந்த வண்டியை இன்னொரு தடவை கேட்டுல இருக்கற வேகத்தடையில ஏத்தச் சொல்லுங்க."

"எதுக்கு?"

"சொல்லுங்களேன்."

அனிதா குரலை உயர்த்தினாள்.

"மோகன்குமார்! வண்டியை நடுவழியில நிறுத்தியிருக்கீங்க. வெளிய எடுத்துட்டுப் போய், சுத்தி உள்ள வந்து ஓரமா விடுங்க."

முணுமுணுத்துக்கொண்டே அவன் ஏறினான். வெளியே போனான். திரும்பி வந்தான்.

டங்...!

"கேட்டுச்சா மேடம்? அவன் வண்டி கொஞ்சம்தான் தூக்கினது. அந்தச் சத்தம் தேஞ்ச ஷாக்கோட சத்தம் இல்ல. உள்ள போக இடம் இல்லாம, நீளமான ஷாக் இரும்புல முட்டற சத்தம்! நல்ல ஷாக் எங்க போச்சுன்னு கேட்டீங்கல்ல? இப்பதான் கேட்டைத் தாண்டி உள்ள வந்துச்சு!"

அனிதாவின் கை இடுப்புத் துப்பாக்கிக்குப் போனது.

"ஏட்டையா! அந்தக் கறுப்பு ஜீப்போட பின் ஷாக்கைக் கழட்டுங்க."

மோகன்குமாரின் முகம் வெளுத்தது.

"என்ற வண்டியை எதுக்குங்க கழட்டோணும்?"

"உங்க அண்ணன் சாவுக்கு நியாயம் வேணும்னு கேட்டீங்களே? அதுக்குத்தான்."

"நான் விடமாட்டனுங்க! இது அநியாயம்! எழவு ஊட்டுக்காரனை இப்படியா பண்ணுவீங்க?"

ஒரு கான்ஸ்டபிள் அவன் தோளை அழுத்தினார். மாரியப்பன் சக்கரத்தின் பக்கம் குந்தினார். போல்ட் கிறீச்சிட்டது. கறுப்பு நிற ஷாக் ஒன்று வெளியே வந்தது.

தஹ்சீன் சுரண்டினாள்.

கறுப்புத் தோல் உரிந்தது. உள்ளே... மஞ்சள்!

ஷாக்கின் கண்ணைத் திருப்பினாள்.

துளைக்குள்ளே... ஒரு சொட்டு அடர் சிவப்பு!

மாரியப்பன் எட்டிப் பார்த்துத் தலையசைத்தார்.

"மஞ்சளுக்குக் கறுப்பு, கறுப்புக்கு மஞ்சள்... நல்லாத்தான் பெயிண்ட் அடிச்சிருக்கே" என்றாள் தஹ்சீன். "இதைக் கிணத்துல போட்டிருந்தாக்கூட உன்னை யாரும் பிடிச்சிருக்க முடியாதுடா பாவி! எதுக்கு உன் வண்டியில மாட்டினே?"

மோகன்குமார் கழற்றிய ஷாக்கைப் பார்த்தான்.

"புதுசுங்க... தூக்கிப்போட மனசு வரல."

அகல்யா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கூடப் பொறந்தவனைக் கொல்றதுக்கு மட்டும் மனசு வந்துச்சா?" அனிதா அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள். "சொத்துக்காகவா? காலைல இருந்து அழுத அழுகையெல்லாம் நடிப்பா?"

"நடிப்பு இல்லீங்க!"

அந்த அலறலில் வேப்பமரத்துக் காகங்கள் பறந்தன.

"நடிப்பு இல்லீங்க! என்ற அண்ணனை நான் கொல்லுவனா? என்னையத் தோள்ல தூக்கி வளத்தவனுங்க அவன்! அவன் எதுக்கு அந்த வண்டியில ஏறுனான்? அவனை யாரு ஏறச் சொன்னது?"

அனிதாவின் பிடி தளர்ந்தது.

அகல்யாவுக்கு அந்தக் கேள்வி மெல்ல மெல்ல உள்ளே இறங்கியது. அவள் முகம் வெளிறியது.

"அது... என்ற வண்டி."

அகல்யா நசுங்கிய ஜீப்பைக் கை நீட்டிக் காட்டினாள்.

"வர்ற ஞாயித்துக்கிழமை போட்டியில அதை நாந்தான் ஓட்டறதா இருந்துச்சு. இன்னைக்குக் காலைல அவரு சாவியைப் புடுங்கிக்கிட்டாரு. 'நீ குதிக்கறதுக்கு முன்னால நான் ஒருக்கா குதிச்சுப் பாத்துக்கறேன்டி, எனக்கு மனசு கேக்கல'ன்னு சொல்லிட்டுப் போனாரு..."

அவள் மோகன்குமாரின் எதிரில் வந்து நின்றாள்.

"எனக்கு வெச்சயா மோகனு?"

"ஆமா! உனக்குத்தான் வெச்சேன்!" அவன் கழுத்து நரம்புகள் புடைத்தன. "நீ வந்ததுக்கப்பறந்தான் பண்ணையில எனக்கு மரியாதை போச்சு! செத்த கோழியைக் குழியில போட்டா என்ன, கடைக்குப் போட்டா என்ன? அதை நீ வீடியோ புடிச்சே. போலீசுக்குப் போவேன்னு மிரட்டுனே. அண்ணன் முன்னாடி என்னைய நாயாட்டம் நிக்க வெச்சே! நீ சாவேன்னுதான் மாட்டுனேன். அவன் செத்துட்டான்... உனக்குப் பதிலா என்ற அண்ணன் செத்துட்டான்!"

அவன் மடங்கி உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டான்.

தஹ்சீனுக்கு இப்போது புரிந்தது. காலையில் அந்தப் போனில் கேட்ட கதறல் பொய்யில்லை. கண்ணாடியை உடைத்த வெறியும் பொய்யில்லை. அவனுக்குத் தன்மேலேயே இருந்த ஆத்திரத்தைக் கொண்டுபோய்க் கொட்ட ஒரு கடை தேவைப்பட்டிருக்கிறது.

"நோய் வந்து செத்த கோழியை ஊர் சனம் தின்னுச்சு" என்றாள் அகல்யா. குரலில் உயிரே இல்லை. "சின்னப் புள்ளைங்க தின்னுச்சுங்க. நான் சும்மா இருக்கோணுமா?"

"உன்னால எனக்கு ஜெயிலுதானே? அதான்..."

"உனக்கு ஜெயிலு இல்லடா!"

மோகன்குமார் நிமிர்ந்தான்.

"முந்தாநாளு உங்கண்ணன் என்ற கையைப் புடிச்சுக்கிட்டு அழுதாரு. 'ஒரே தம்பி, திருத்திப்போடலாம், போலீசுக்கு மட்டும் போகாத'ன்னு கெஞ்சினாரு. மனசே இல்லாமத்தான் சரின்னேன். அந்த வீடியோவை அவரு கண்ணு முன்னாலயே அழிச்சேன். போட்டி முடிஞ்சதும் உன்னையக் கூட்டி உக்கார வெச்சுப் பேசறேன்னாரு. உன்மேல எந்தப் புகாரும் இல்லடா... அந்த வண்டிக்கு அடியில நீ படுத்துக் கெடந்தப்ப உன்மேல எந்தப் புகாருமே இல்ல!"

மோகன்குமார் நெற்றியைத் தரையில் முட்டிக்கொண்டான்.

அனிதா விலங்கை எடுத்தாள்.

கிளிக்!

அகல்யா தஹ்சீனின் பக்கம் திரும்பினாள். கைகூப்பினாள். இத்தனை நேரம் தேங்கி நின்ற கண்ணீர் இப்போதுதான் உடைந்தது.

"உங்களை அறைஞ்சுபோட்டனுங்க..."

"அது எனக்கு வந்த அறை இல்லைங்க அகல்யா. விலாசம் மாறி வந்துருச்சு."

அகல்யா கண்ணைத் துடைத்துக்கொண்டு, விலங்கோடு உட்கார்ந்திருந்தவனிடம் போனாள்.

பளார்...!

"அம்மா, அம்மா... சட்டத்தைக் கையில எடுக்கக் கூடாது" என்று பதறினார் ஏட்டு மாரியப்பன்.

"எந்தச் சட்டம்? நான் எதையும் பாக்கலையே" என்ற அனிதா, வானத்தில் மேகம் இருக்கிறதா என்று ஆராய்ந்தாள்.

தஹ்சீன் அகல்யாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பெண்களும் நசுங்கிய ஜீப்பைத் திரும்பிப் பார்க்காமல் கேட்டைத் தாண்டி நடந்தார்கள். ஆஸ்பத்திரியில் ஒருவன் காத்திருந்தான். அவனை வீட்டுக்குக் கூட்டிப்போக வேண்டும்.

மாரியப்பன் மோகன்குமாரை எழுப்பி நிறுத்தினார்.

"மேடம், அக்யூஸ்டை சேலம் கோர்ட்டுக்குக் கொண்டுபோகணும். புது வண்டியை எடுக்கட்டுங்களா?"

"வேண்டாம். அந்தப் பழைய ஜீப்பை எடுங்க. பின்சீட்டுல உக்கார வைங்க."

"மேடம், அதுல ஷாக்கே கிடையாதுங்களே!"

"அதுக்குத்தான் சொல்றேன்" என்றாள் அனிதா தொப்பியைச் சரிசெய்தபடி. "இங்கேருந்து சேலம் வரைக்கும்... மிச்ச விசாரணையை ரோட்டுல இருக்கற குழியெல்லாம் நடத்தட்டும்!"